மரபணு பேசுவதற்கு முன்பே முடியும் ஆயுள்

மனிதர்களின் ஆயுளில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறையப் பாதிக்கு மரபணுவே காரணம் என்கிறது, 2026 ஜனவரி இறுதியில் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு. அந்தச் செய்தி உலகம் சுற்றி நம் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும்போது, 'ஆயுசில் பாதி பிறக்கும்போதே எழுதியாச்சு' என்று சுருங்கிவிட்டது. தலையெழுத்தை நம்பி வாழ்ந்த சமூகத்துக்கு விஞ்ஞானமும் அதையே சொல்வதாகத் தோன்றினால் வியப்பில்லை. ஆனால் அந்த ஆய்வை நிதானமாகப் படித்தால், நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களைப் பொறுத்தவரை அது சொல்வது ஏறத்தாழ நேரெதிரான செய்தி.

இதைப் பேசவேண்டிய காலம் இது. இலங்கை வேகமாக மூப்படைகிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம், அதன் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டே போகிறது. தோட்டங்களில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைகளுக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள். லயங்களில் மிஞ்சியிருப்பது அப்பாயிகளும் தாத்தாக்களும், அவர்கள் பொறுப்பில் விடப்பட்ட பேரப்பிள்ளைகளும்தான்.

இவர்கள் எத்தனை ஆண்டு வாழ்வார்கள், எப்படி வாழ்வார்கள் என்பதை 'எல்லாம் ரத்தத்தில் இருக்கிறது' என்ற ஒரு வரியில் முடித்துவிட்டால், அதனால் இலாபம் அடைபவர்கள் இருக்கிறார்கள். கம்பனிக்குக் கணக்குத் தீர்ந்துவிடும். அரசாங்கத்துக்குப் பொறுப்பு தீர்ந்துவிடும்.

ஒரே உடல், மூன்று எண்கள்

ஆயுளில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விஞ்ஞானம் இதுவரை ஒரே பதிலைச் சொன்னதில்லை. 1996இல் டென்மார்க்கில், 1870க்கும் 1900க்கும் இடையில் பிறந்த 2,872 இரட்டையர் சோடிகளின் பிறப்பு, இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 23 சதவீதம் என்று கணக்கு வந்தது. 'கால் பங்கு' என்ற அந்த எண்தான் இரண்டு தசாப்தங்களாகப் பாடநூல்களில் இருந்தது.

2018இல் அமெரிக்காவில் 40 கோடிக்கும் மேற்பட்டவர்களின் குடும்ப மரங்களை வைத்து இன்னொரு கணக்குப் போட்டார்கள். பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வசதி, படிப்பு, பழக்கவழக்கம் ஆகியவற்றில் தம்மை ஒத்தவர்களையே மனிதர்கள் மணக்கிறார்கள். ஆகவே ஒரு குடும்பத்தில் எல்லோரும் நெடுங்காலம் வாழ்ந்தால் அது முழுக்க ரத்தத்தின் புண்ணியம் அல்ல, வாழ்ந்த விதமும் ஒன்றாக இருந்திருக்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

இப்போது பாதி என்கிறார்கள். மனித உடல் அதேதான். எண் மட்டும் ஏன் இப்படித் தாவுகிறது?

புதிய ஆய்வைச் செய்த இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனக் குழு, டென்மார்க், சுவீடன் இரட்டையர் பதிவுகளை எடுத்துக்கொண்டு, விபத்து, தொற்றுநோய், வன்முறை போன்ற வெளிக்காரணங்களால் நேரும் சாவுகளைக் கணித முறையில் விலக்கிப் பார்த்தது. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவர் முப்பது வயதில் கடலில் மூழ்கி இறக்கிறார். மற்றவர் எண்பத்தைந்து வரை வாழ்கிறார். பழைய கணக்கில் இந்தச் சோடி, 'மரபணுவுக்கு வேலையே இல்லை' என்று சாட்சி சொல்லும். அத்தகைய சாவுகளை நீக்கிவிட்டால், உடல் தானாக முதிர்ந்து தளர்வது மட்டும் மிஞ்சும். அதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பாதிதான் மரபணுவின் கணக்கு.

ஆக, அந்தப் 'பாதி' வெளிக்காரணங்கள் பெரும்பாலும் அடக்கப்பட்ட உலகத்துக்குரிய எண்.

தேயிலை மலையில் வேலை செய்தவர்களுக்கு இது புரியாத விடயம் அல்ல. வி.பி. தேயிலை என்பது ஒரே தாய்ச்செடியின் துண்டுகளிலிருந்து வளர்த்தது. தலவாக்கலை சென் கூம்ஸில் ஏறத்தாழ நூறாண்டாக இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்துப் பரப்பிய இனங்கள் நாடெங்கும் நிற்கின்றன. ஒரே இனத்து வி.பி. மலையில் ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் மரபணுவில் வேறுபாடு இல்லை. ஆனாலும் தண்ணீர் நிற்கும் அடிவாரத்துச் செடி ஒரு மாதிரி, மண் கழுவுண்டு போன மேட்டுச் செடி வேறு மாதிரி. அங்கே விளைச்சல் வித்தியாசம் முழுவதும் மண்ணும், உரமும், கவ்வாத்தும்தான். அதுவே பழைய விதைத் தேயிலை மலையாக இருந்து, எல்லாச் செடிக்கும் ஒரே பசளையும் ஒரே கவனிப்பும் கிடைத்தால், மிஞ்சும் வித்தியாசம் செடியின் பிறவிக் குணம். மரபணுவின் பங்கு இத்தனை சதவீதம் என்பது செடியைப் பற்றிய எண் மட்டுமல்ல. மலையைப் பற்றிய எண்ணும்கூட.

அப்படியானால் நம் மலையில் அந்த எண் என்னவாக இருக்கும்?

மண்சரிவு ரத்தம் பார்த்து வருவதில்லை

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் அடித்தபோது நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு ஆட்களை மண் மூடியது. அங்கே புதைந்தவர்களில் தொண்ணூறு வயது வரை வாழக்கூடிய மரபணு கொண்டவர்கள் எத்தனை பேர் என்று யார் சொல்ல முடியும்?

பேரிடர்களை விடுவோம், அவை எப்போதாவது வருபவை. கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோன செய்தி ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா நிருபர்களுக்கு வழக்கமான செய்தி. நாள் முழுவதும் மழையில் ஈரப் படங்கோடு நின்ற உடம்பு; மாலையில் விறகுப் புகை அடைந்த காம்பரா; குளிருக்கும் பசிக்கும் வாயில் அடக்கிய புகையிலையும் வெற்றிலையும். இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் தோட்டங்களில் ஆண், பெண் இருபாலாரிடமும் வேரூன்றியிருக்கிறது.

2019 வீட்டு வருமானச் செலவு ஆய்வின்படி நாட்டில் வறியவர்கள் 14.3 சதவீதம்; தோட்டத் துறையில் 33.8. மூன்றில் ஒருவர். அதன்பின் வந்த பொருளாதார நெருக்கடியை இந்த எண் பார்க்கவே இல்லை. 2026 ஜனவரி முதல் நாட்சம்பளம் 1,550 ரூபாயும், வரவுக்கான அரசாங்கக் கொடுப்பனவு 200 ரூபாயுமாக 1,750 ஆகியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் அது பேர் விழும் நாளுக்கு, அதாவது வேலைக்கு வந்ததாகப் பதியும் நாளுக்கு மட்டும். கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் இல்லை. பிரஷர் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறவர்களை அறிவில்லாதவர்கள் என்று திட்டும் டாக்டர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை.

ஏழாண்டில் மாறாத மரபணு

நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி உண்டு. 1946இல் இலங்கையரின் சராசரி ஆயுள் 43ஐ எட்டவில்லை. 1953இல் 58 அளவுக்கு வந்துவிட்டது. ஏழே ஆண்டில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறாது. மலேரியா அடக்கப்பட்டது, இலவச வைத்தியமும் மகப்பேற்று நிலையங்களும் பரவின, பங்கீட்டு அரிசி கிடைத்துவந்தது. பதினைந்து ஆண்டு ஆயுள் கூடிவிட்டது.

இன்னொரு சாட்சி இதைவிடக் கூர்மையானது. உலகில் ஏறத்தாழ எல்லா நாட்டிலும் பெண்கள் ஆண்களைவிடச் சில ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள். இரண்டு எக்ஸ் நிறமூர்த்தம், ஹோர்மோன்கள் என்று இதற்கு உடலியல் காரணங்களும் சொல்கிறார்கள். ஆனால் 1946இல் இலங்கைப் பெண்களின் ஆயுள் ஆண்களைவிடக் குறைவு. 1960களில்தான் பெண்கள் முந்தினார்கள். அதுவரை அந்தப் பிறவி வரம் எங்கே போயிருந்தது? பிரசவத்திலும், சோகையிலும், கடைசியாகச் சாப்பிடும் வழக்கத்திலும் புதைந்து கிடந்தது. மகப்பேற்றுச் சாவு குறைந்தபோதுதான் மரபணுவுக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது.

தோட்டங்கள் இந்த வரிசையில் எப்போதும் பின்னால் நின்றவை. நாடு இலவச சுகாதாரத்தைக் கொண்டாடிய தசாப்தங்களில், தோட்டத்து வைத்தியம் கம்பனியின் கையில் ஒரு டிஸ்பென்சரியாக இருந்தது. 1948இல் குடியுரிமை பறிபோனவர்கள் யாரிடம் போய்க் கேட்பது? 1990களில் தொடங்கிய தோட்ட வைத்தியசாலைகளைப் பொறுப்பேற்கும் வேலை இன்னும் முழுமை பெறவில்லை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 2017இல் திறக்கப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலை நல்ல காரியம்தான். ஆனால் மேல் டிவிஷனிலிருந்து பிரதான வீதிக்கு வரும் அந்த முறிந்த பாதைதான் இன்னும் நோயாளியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

தொண்ணூறு வயதுப் பாட்டியின் கதை

இந்த இடத்தில் ஒரு மறுப்பு எழும். 'எங்கள் அப்பாயி ரொட்டியும் சாயத் தண்ணியும் குடித்தே தொண்ணூறு வயது வாழ்ந்தாள், ஒரு மாத்திரை போட்டதில்லை' என்று எல்லாத் தோட்டத்திலும் ஒருவர் சொல்வார். உண்மையாகவே இருக்கலாம். நெடுங்காலம் வாழ்ந்தவர்களில் சில மரபணு வகைகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. ஃபொக்ஸோ-3 என்ற மரபணுவின் ஒரு வகை, ஹவாயில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் நீண்ட ஆயுளோடு சேர்ந்து வருவதை 2008இல் கண்டார்கள். பிற்பாடு வேறு பல மக்களிடமும் கண்டார்கள். ஏ.பி.ஓ.ஈ. மரபணுவின் நான்காம் வகை மறதி நோய்க்கும் இருதய நோய்க்கும் வழிவிடுகிறது. இரண்டாம் வகை ஓரளவு காக்கிறது. பல மக்களிடையே திரும்பத் திரும்ப உறுதியானவை என்று பார்த்தால், இவை இரண்டுக்கு அப்பால் பட்டியல் அதிகம் நீளவில்லை. மீதி எல்லாம் சிறு சிறு செல்வாக்குள்ள ஆயிரக்கணக்கான மரபணுக்கள்.

ஆனால் அந்தப் பாட்டியோடு பிறந்தவர்கள் எத்தனை பேர்? அவர் பெற்றவற்றில் தங்கியவை எத்தனை? கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். பாதி விரல்கள் மடங்கியிருக்கும். தப்பிப் பிழைத்த ஒருவரை வைத்து வாழ்க்கை முறையை மெச்சுவது, தேயிலைக்கடியில் கிடப்பவர்களைக் கணக்கில் எடுக்காத பேச்சு. வாட்டத்தையும் தாண்டி வாழ்ந்த அவருக்கு அபூர்வமான ரத்தம் இருந்திருக்கலாம். அபூர்வமான ரத்தம் இருந்தால்தான் முதுமையைக் காண முடியும் என்ற நிலைமையை ஒரு நாடு பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

டென்மார்க், பின்லாந்து, சுவீடன் இரட்டையர்களை வைத்து 2006இல் வந்த ஆய்வும் இங்கே பொருந்தும். அறுபது வயதுவரை ஆயுளில் மரபணுவின் செல்வாக்கு மிகச் சிறிது. அறுபதுக்குப் பிறகே அது தலைதூக்குகிறது. அறுபது வரை ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டியது வீடும் தோட்டமும் அரசாங்கமும்தான்.

கருவில் எழுதப்படுவது

பிறக்கும்போது எழுதப்படும் ஒன்று உண்டு. அது மரபணு அல்ல, எடை.

மைசூரில் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு வைத்தியசாலையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைக் குறித்துவைத்த பதிவேடுகள் இருந்தன. அங்கே 1934க்கும் 1954க்கும் இடையில் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பிறந்தவர்களில் 11 சதவீதத்தினருக்கு இருதய நோய். மூன்று கிலோவுக்கு மேல் நிறைவாகப் பிறந்தவர்களில் 3 சதவீதத்தினருக்கு மட்டும். 1996இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவு இது. ஒல்லியாகப் பிறந்த தென்னிந்தியக் குழந்தை, நடுவயதில் ஏன் மாரடைப்பில் விழுகிறது என்பதற்கு மரபணுவைத் தாண்டிய விடை இதில் இருக்கிறது.

2016 மக்கட்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 17 சதவீதம். தோட்டத்தில் 32. நூற்றுக்கு முப்பத்திரண்டு பிள்ளைகள், ரத்தத்தில் இருந்த உயரத்தை எட்டமுடியாமல் நிற்கிறார்கள். அதே பிள்ளைகள் ரத்தத்தில் இருக்கும் ஆயுளை மட்டும் எட்டிவிடுவார்களா?

1973, 74 பஞ்ச காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு. தோட்டங்களில் சாவு எகிறியது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களை, அறுபது ஆண்டு கழித்து 2008இல் ஆராய்ந்தபோது, மரபணுவின் எழுத்துகள் மாறாமலே, அவற்றை இயக்கும் வேதிக் குறிகளில் மாற்றம் தெரிந்தது. பசி உடம்பில் அவ்வளவு காலம் பதிந்து நிற்கிறது. 1974இல் நம் தோட்டத்தில் பிறந்தவருக்கு இப்போது ஐம்பதுக்கு மேல் வயது. அவர்தான் இன்று சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் டிஸ்பென்சரி வாசலில் நிற்பவர்.

தென்னாசிய ரத்தத்துக்கென்று சில பலவீனங்கள் இல்லாமல் இல்லை. இருதயத் தசையோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை, ஹைதராபாத், மதுரை ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2009இல் வெளியிட்டது. துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரளவில் அதைச் சுமக்கிறார்கள். முதலில் அச்சம் ஊட்டிய அந்தக் கண்டுபிடிப்பு பின்னர் தணிந்தது; அதைச் சுமப்பவர்களில் பலர் பெரிய கோளாறு இன்றி வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. மரபணுச் செய்திகளைப் படிக்கும்போது இந்தப் பொறுமை தேவை. எச்சில் அனுப்பினால் ஆயுள் சொல்கிறோம் என்று விளம்பரம் செய்யும் கம்பனிகளுக்கு ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுக்கவேண்டாம். உலகின் மரபணுத் தரவுகளில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. நம் ரத்தத்தை வைத்து அவர்கள் சொல்லும் ஆரூடத்துக்கு அடித்தளமே மெல்லியது.

பிரிந்த குடும்பங்கள்

உண்மையில், மரபணுவையும் மண்ணையும் பிரித்துப் பார்க்க ஓர் அபூர்வமான வாய்ப்பு நம்மிடம் இருக்கிறது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்குபோட்டது. விடுபட்ட 1,50,000 பேர் 1974இல் பாதிப் பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். அண்ணன் கோத்தகிரியில், தம்பி கொட்டகலையில். அப்படிப் போனவர்களுக்காக 1968இல் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம்தான் பின்னாளில் 'டேன்டீ' ஆனது. ஒரே ரத்தம், ஒரே தொழில், ஏறத்தாழ ஒரே குளிர். ஆனால் வேறு வேறு அரசாங்கம், வேறு வேறு பங்கீட்டுக்கடை, வேறு வேறு வைத்தியசாலை.

பேராதனைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டு மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றும் சேர்ந்து இந்தப் பிரிந்த குடும்பங்களின் ஆயுளையும் நோயையும் ஒப்பிட்டு ஆராயவேண்டும். செய்வதானால், ரத்தம் எடுக்குமுன் தமிழில் விளக்கி, சம்மதம் கேட்டு, முடிவைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து சொல்லவேண்டும். துரையிடம் அனுமதி வாங்கியதைத் தொழிலாளியின் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் பழைய வழக்கம் இதில் வரக்கூடாது.

வயதே இல்லாத முதியவர்கள்

இன்னொரு சிக்கலையும் சொல்லியாகவேண்டும். நூறு வயதைக் கடந்தவர்கள் பற்றிய உலகச் செய்திகளில் ஒரு பகுதி, பிறப்புப் பதிவு ஒழுங்கில்லாத ஊர்களிலிருந்து வருவதாக சோல் நியூமன் என்ற ஆய்வாளர் காட்டினார். அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறை வந்ததும் 110 வயதுக்காரர்களின் எண்ணிக்கை பெருமளவில் சரிந்ததாம். அதற்காக 2024இல் அவருக்கு இக்-நோபல் என்ற வேடிக்கை விருதும் கிடைத்தது.

நம் மலையில் வேடிக்கை வேறு விதம். அங்கே பதிவில்லாதவர்களின் வயது கூடுகிறது. இங்கே பதிவில்லாதவருக்கு வயதே இல்லாமல் போகிறது. குறைந்த வருமானமுள்ள 70 வயதுக்காரருக்கு அரசாங்கம் தரும் மாதக் கொடுப்பனவு 2025 முதல் 5,000 ரூபாய். பிறப்புச் சாட்சிப்பத்திரம் இல்லை, அடையாள அட்டையில் வருடம் பிழை, பெயர் சிங்கள உச்சரிப்பில் வேறாகிவிட்டது என்று எத்தனையோ காரணத்தால் அது கைக்கு வராமல் போகிறது. எழுபத்தாறு வயதுக்காரர் அட்டையில் அறுபத்தெட்டாக இருந்தால் அவர் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

வேலையிலிருந்து நின்றவரின் நிலையும் இதைவிட மேலானது அல்ல. ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். மொத்தமாக வரும் அந்தப் பணம் மகள் கல்யாணத்துக்கும் கடனுக்கும் போய்விடும். பிறகு முப்பது வருடம் வாழ்ந்தால் அந்த முப்பது வருடத்துக்கும் மாத வருமானம் இல்லை. நீண்ட ஆயுள் வரமா சாபமா என்பதை இங்கே மரபணு தீர்மானிக்கவில்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, கிளினிக் மலைக்கு வரவேண்டும். சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் 35 வயது கடந்தவர்களுக்கு பிரஷர், சீனி, உடல் எடை ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். சுகவனிதையர் கிளினிக்கில் பெண்களுக்கு மார்பு, கருப்பைக் கழுத்துப் பரிசோதனை உண்டு. இவற்றை மாதம் ஒருமுறை கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே கொண்டுவரலாம். அன்று பரிசோதனைக்கு வந்தவருக்கு முழுப்பேர் போடவேண்டும். அடுத்த சம்பளப் பேச்சில் தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டிய ஒரு வரி இது. அதே இடத்தில் வாயைத் திறந்து பார்க்கும் பல் வைத்தியரும் வந்தால், வெள்ளைப் படலமாகத் தொடங்கும் வாய்ப்புற்றுநோயில் பாதியை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்று துணிந்து சொல்வேன்.

இரண்டாவது, மரபணுப் பரிசோதனை இல்லாமலே பரம்பரையைப் பதியலாம். அப்பா அம்மாவோ கூடப்பிறந்தவரோ 55 வயதுக்கு முன் மாரடைப்பில் போனார்களா, யாருக்குச் சீனி, யாருக்குப் புற்றுநோய் என்று கிளினிக் அட்டையில் ஒரு வரி. ஒரு ரூபாய் செலவில்லை. 'நெஞ்சடைச்சுப் போயிட்டார்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், வைத்தியர் என்ன எழுதினார் என்பதைக் குடும்பம் தெரிந்துவைத்திருப்பது பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.

மூன்றாவது, கர்ப்பிணிகள். இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் மிட்வைஃப் மிஸ்ஸியின் பதிவேட்டில் தனியாகக் குறித்து, பள்ளி முடியும்வரை தொடரவேண்டும். திரிபோஷ சத்துமா தட்டுப்பாடின்றி வரவேண்டும்; வந்த பைக்கற்று வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடாதபடி அந்த வீட்டில் மற்றச் சாப்பாடும் இருக்கவேண்டும். கர்ப்பிணியைச் சரிவான மலைக்கு அனுப்பும் கங்காணியைத் தட்டிக்கேட்க தோட்டத் தலைவருக்குத் துணிவு வேண்டும்.

நான்காவது, வயதுச் சான்று. பதிவாளர் திணைக்களம் வழங்கும் உத்தேச வயதுச் சான்றிதழுக்காக நடமாடும் சேவையைத் தோட்டப் பாடசாலைகளில் நடத்தவேண்டும், தமிழ் தெரிந்த உத்தியோகத்தரோடு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு டிவிஷனிலும் முதியோர் சங்கம் ஒன்றைப் பதிவுசெய்யலாம். பிரதேச செயலகத்தில் தனியாளாக நிற்கும் பாட்டிக்குக் கிடைக்காத பதில், சங்கத்தின் கடிதத்துக்குக் கிடைக்கும்.

ஐந்தாவது, சேமலாப நிதியில் ஒரு பகுதியை, விரும்பியவர்கள் மாதாமாதம் பெறும் ஏற்பாடு பற்றி அமைச்சும் கம்பனிகளும் பேசத் தொடங்கவேண்டும். இது எளிதல்ல, வட்டி, பணவீக்கம் என்று ஆயிரம் சிக்கல் உண்டு. ஆனாலும் பேச்சையே தொடங்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது.

கடைசியாக, புள்ளிவிபரம். மாவட்டச் சராசரிக்குள் தோட்டம் மறைந்துபோகிறது. பிறக்கும்போது எதிர்பார்க்கும் ஆயுளையும், சாவின் காரணங்களையும் தோட்டத் துறைக்கென்று தனியாகக் கணித்து, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களமும் பதிவாளர் திணைக்களமும் வெளியிடவேண்டும். நாட்டு ஆயுளுக்கும் தோட்டத்து ஆயுளுக்கும் உள்ள இடைவெளி அதில் எத்தனை வருடமாக இருக்கிறதோ, அத்தனை வருடத்துக்கும் மரபணு பொறுப்பல்ல.

இதை வாசிக்கும் தோட்டத்து வாசகருக்கு ஒரு சொல்: உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ 35 வயது தாண்டியிருந்தால், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் ஆரோக்கிய வாழ்வு நிலையம் எந்த நாளில் நடக்கிறது என்று விசாரியுங்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு காலையில் போங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.